நீ திருத்திய ஸ்டியரிங்

ஒரு வாரமாக என் மூன்று சக்கர வண்டியில் ஒரு சின்னச் சத்தம். வலது பக்கம் திருப்பும்போது மட்டும் சீட்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று கேட்டது. இன்று காலை வராந்தாவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஹேண்டிலையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனையில் இருந்த ரப்பர் மூடியை ஒரு கையால் நெம்பிக் கழற்றினேன். உள்ளேயிருந்த கிரீஸின் வாசனை மேலே வந்தது. கறுத்துப்போன பழைய கிரீஸ். நீ உன் விரலால் வழித்து அடைத்தது.

உன் குர்தாக்கள் எல்லாவற்றிலும் வலது இடுப்பருகே ஒரு கறை இருக்கும். கை துடைத்துக்கொள்ளும் இடம். எத்தனை நல்ல துணி எடுத்தாலும் ஒரு மாதத்தில் அந்த இடம் கறுத்துவிடும். அந்தக் கறைக்கும் இதே வாசனைதான்.

கம்பி முனை தேய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் புதியது வாங்கி மாற்றித் தருவார். பெரிய வேலையில்லை. ஆனால் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன். அப்புறம்தான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

என் தமிழைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து, அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த எழுத்தோடு வளர்ந்தவள் நான். அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், காய்கறி வண்டிக்காரனிடம் நான் வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் உருதுவைக் கலந்து "இது நக்கோ, அது குடு" என்று சொன்னதைக் கேட்டு, பின்னால் நின்றிருந்த நீ வாய்விட்டுச் சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தால் கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டையோடு, குட்டையாக வெட்டிய முடியோடு ஒருத்தி. "கோவிச்சுக்காத மக்கா, பத்து வருசமா இந்த ஊர்ல இருக்கேன், இப்படி ஒரு தமிழக் கேட்டதில்ல" என்றாய். நாகர்கோவில்காரி. டர்பைன் டிசைன் பிரிவில் இன்ஜினியர். கணவர் மஸ்கட்டில், ஒரே மகள் ஜெனி உள்ளூர்ப் பள்ளியில். அன்று மாலையே நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

அப்போது நான் முழு ஆளாக இருந்தேன். தினமும் ஸ்கூட்டரில் பேகம்பேட் அலுவலகத்துக்குப் போய்வருவேன். அவ்வளவு தூரம் பயமில்லையா என்று யாராவது கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். அந்த அலுவலகத்தில்தான், சில வருடங்கள் கழித்து ஒரு நாள், மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க இடது கையை நீட்டினேன். கை போனது. விரல்கள் மூடவில்லை. பாட்டில் விழுந்து உருண்டதைப் பார்த்து எல்லாரும் திரும்பினார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்து, அதே பக்கம் சரிந்தேன்.

பக்கவாதம். பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது. நடை பாதிதான் திரும்பியது. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். இடது கை தோளிலிருந்து தொங்கும் ஒரு சாமானாக நின்றுவிட்டது. வேலையை விட்டேன். ஸ்கூட்டரை அவர் யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன்பிறகு எங்கே போக வேண்டுமென்றாலும் யாராவது ஒருவர் என்னைக் கொண்டுபோய் விட வேண்டும். திரும்ப வந்து எடுத்துப் போக வேண்டும். தெருவில் கைத்தடியோடு நடந்தால் தமிழில் 'பாவம்' என்பார்கள், தெலுங்கில் 'அய்யோ பாபம்' என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசும். நோயைவிட அந்தக் கூச்சம்தான் என்னை வீட்டுக்குள் வைத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் திரையை மூடி வைத்திருப்பதைப் பார்த்தே உனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை நீ ஒரு சின்ன லாரியோடு வந்து நின்றாய். கச்சிபௌலியில் ஓர் ஐ.டி. பையன் வேலைக்காக வெளிநாடு போகிறானாம், அவன் வீட்டில் கிடந்ததாம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் சாய்வு நாற்காலி போல ஒரு சீட், தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான். அதில் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டிப் பெடலை மிதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கைக்கு ஒரு பிடி. அந்தந்தப் பிடி அந்தந்தச் சக்கரத்தைத் திருப்பும். இரண்டு சக்கரத்தையும் ஒரு குறுக்குக் கம்பி இணைத்திருந்தது.

"இதுல பேலன்ஸே வேண்டாம்ளா. நீ ஒண்ணு உக்காரு, மீதிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாய்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் உனக்காகத்தான் உட்காருகிறேன் என்பதுபோல உட்கார்ந்தேன். இடது காலைப் பெடலோடு சேர்த்து நீ பட்டையால் கட்டினாய். இடது கையை மடியில் வைத்தாய். வலது பிடியை மட்டும் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் சாலையில் நான் முதல் தடவையாக, யாரும் தள்ளாமலும் தாங்காமலும், முன்னால் நகர்ந்தேன். காற்று முகத்தில் பட்டது. நீ பக்கத்தில் ஓடி வந்தாய். கொஞ்ச தூரத்தில் உன்னை முந்திவிட்டேன்.

கடைகளுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில்தான் அது நடந்தது. வலது பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்பதற்குப் பதில் வலது பக்கம் வெட்டித் திரும்பி, நடுச்சாலையைத் தாண்டி எதிரே வந்த ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றது. ஆட்டோவின் முன்சக்கரம் என் பாதத்துக்கு அருகில் நின்றது. என் துப்பட்டா செயினில் சிக்கியிருந்தது. டிரைவர் திட்டக்கூட இல்லை. இறங்கி வந்து, ரோட்டில் படுத்துக்கொண்டு எங்கேம்மா போகிறீர்கள் என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. காலை நீட்டி, நடுத்தெருவில், எல்லாருக்கும் கீழே நான் கிடந்தேன். யாரோ என்னை அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார்கள். யாரோ ஒரு பெண் என் சல்வாரைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள். என் வீட்டுக்காரருடைய சக ஊழியரின் மனைவி கூட்டத்தில் நின்று 'பாவம்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் கத்தினேன். "செஞ்சு பாக்கணும்னா ஃபாக்டரில எவ்ளோ மெஷின் இருக்கு உனக்கு. என்னை நக்கோ. விட்டுடு."

நீ என் முழங்கைச் சிராய்ப்பைக் கழுவி மருந்து போட்டாய். முடித்துவிட்டு, "பிரேக் பிடிச்சப்போ எந்தப் பக்கம் இழுத்து?" என்று கேட்டாய். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நான் அழுதுகொண்டிருக்கும்போது இவள் கேட்கிற கேள்வியைப் பார் என்று நினைத்தேன். ஆனாலும் வலது என்று சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

அதற்குப்பின் சில வாரங்கள் நீ என் வீட்டுப்பக்கம் வரவில்லை. உன்னை நானே விரட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வந்து, வெள்ளைப் புடவையோடே, ஒரு விஷயம் காட்ட வேண்டும் வா என்று கூட்டிப்போனாய். உன் வீட்டுப் போர்ட்டிகோவில் வண்டி நின்றது. முன்சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சில் ஒரு நூலைக் கட்டி, அந்த அச்சின் சாய்விலேயே தரைவரை இழுத்து ஒட்டியிருந்தாய். நூல் தரையைத் தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. டயர் தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு புள்ளி. நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"இந்த ரெண்டு புள்ளியும் ஒரே எடத்துல இருக்கணும்" என்றாய். "இருந்தா பிரேக் பிடிச்சாலும் பள்ளத்துல எறங்குனாலும் ஹேண்டில் இழுக்காது. இதுல தள்ளிக் கெடக்கு. போதாததுக்கு நீ ஒரு பக்கத்து பிரேக்க மட்டும் பிடிக்க. பின்ன வண்டி சுத்தாம என்ன செய்யும்? தப்பு ஒனக்க கையில இல்ல, கேட்டியா. இந்த எடைவெளியில."

நான் அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் எது நடந்தாலும் தப்பு என் உடம்பில்தான் இருந்தது. டம்ளர் விழுந்தால் என் கை. வாசற்படியில் தடுக்கினால் என் கால். அப்படியில்லை என்று முதல் தடவையாக ஒருத்தி சாக்பீஸால் வரைந்து காட்டினாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நீ அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தாய்.

பிறகு நீ செய்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். அச்சைத் தாங்கும் இரும்புத் துண்டுகளைச் சரியான சாய்வில் பட்டான்செருவில் ஒரு பட்டறையில் புதிதாகச் செய்து மாட்டினாய். இரண்டு பிரேக் கம்பிகளையும் ஒரே பிடியில் கொண்டுவந்து வலது கைக்குக் கொடுத்தாய். அப்படியும் உனக்குத் திருப்தியில்லை. கை கொஞ்சம் அசைந்தாலும் வண்டி நிறையத் திரும்புகிறது, இவளுக்கு இது ஆகாது என்று சொல்லி, பக்கத்துக்கு ஒன்றாக இருந்த பிடிகளைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் நடுவில் சுழலும் ஒரே ஹேண்டிலைப் போட்டாய். அதன் இரண்டு நுனிகளும் என் இரண்டு தொடைகளுக்குப் பக்கத்தில் மேலே வந்தன. கை நிறைய நகர்ந்தால்தான் சக்கரம் கொஞ்சம் திரும்பும்.

இடது நுனி எதற்கு, எனக்குத்தான் அந்தக் கை இல்லையே என்று கேட்டேன். அதற்கு நீ ஒரு மெத்தென்ற பட்டை தைத்து வைத்திருந்தாய். என் இடது கையை எடுத்து அந்த நுனியில் வைத்து மெதுவாகக் கட்டினாய். வலது கையால் திருப்பச் சொன்னாய். திருப்பினேன். இடது கையும் கூடவே போனது. திரும்ப வந்தது. எத்தனையோ மாதம் கழித்து என் இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு வேலை செய்வதை நான் பார்த்தேன்.

ஆனால் தெருவுக்கு வர மாட்டேன் என்றேன். அந்தக் கூட்டமும் ஆட்டோவும் கண்ணிலேயே இருந்தன. நீ வற்புறுத்தவில்லை. மறுநாள் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகிற நேரம், ஜன்னல் திரை இடுக்கில் நான் ஒன்றைப் பார்த்தேன். நீ அந்த வண்டியில் மல்லாந்து கிடந்தாய். உன் இடது கை துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. காலை நீட்டி மிதித்துக்கொண்டு, பஸ்களுக்கு நடுவே, வலது கையால் மட்டும் திருப்பிக்கொண்டு போனாய். பஸ் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ விசிலடித்தார்கள். உன் பிரிவு ஆட்கள் உன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். நீ வேகத்தடையில் பிரேக் பிடித்தாய். வண்டி நேராக நின்றது. மறுபடி திரும்பி வந்து மறுபடி பிடித்தாய்.

திரைக்குப் பின்னால் நின்றபடி எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எனக்காக ஒருத்தி நடுத்தெருவில் கேலிக்கு ஆளாகிறாள். அவளுக்கு இரண்டு கையும் இருக்கிறது, இரண்டு காலும் இருக்கிறது. அப்போதுகூட நான் வாசலுக்கு வரவில்லை, திரையை விலக்கவில்லை.

நீ உள்ளே வந்து தண்ணீர் கேட்டாய். உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருந்து. நல்லாவே இருந்து" என்றாய், கட்டை அவிழ்த்துக்கொண்டே. "எனக்க செக்‌ஷன் பயலுவ பூரா பேரும் பாத்துட்டானுவ. நாளைக்கு மீட்டிங்குல எப்படி மூஞ்ச வைக்கன்னு தெரியல. ஆனா எடப்பக்கம் கொஞ்சம் இழுப்பு மிச்சம் இருக்குளா. கட்டாம ஓட்டியிருந்தா அது தெரிஞ்சிருக்காது."

வெட்கமில்லாதவள் என்றுதான் அதுவரை உன்னை நினைத்திருந்தேன். எனக்கு இருக்கும் கூச்சம் உனக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ தண்ணீரைக் குடித்துவிட்டு வலது பிரேக் கம்பியை இறுக்கப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நான் ஓட்டினேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி அல்ல. காலையில் தெரு எழுந்திருக்கும் முன் கிளம்புவேன். முகத்தைத் துணியால் மூடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வேன். ஹைதராபாத்தில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் வெயிலுக்கு முகத்தை மூடுவது வழக்கம்தானே என்று சமாதானம் சொல்வேன். வெயிலே வராத நேரத்தில் யாருக்கு அந்தச் சமாதானம்? நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. குவார்ட்டர்ஸ் பூங்காவின் வாசலில் காத்திருப்பாய். எனக்கு எழுந்திருக்க ஆள் வேண்டும். அவ்வளவு தாழ்ந்த சீட்டிலிருந்து ஒரு காலை மட்டும் நம்பி எழுவது என்னால் ஆகாது. நீ என் வலது பக்கம் வந்து, உன் பாதத்தைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து, என் மணிக்கட்டைப் பிடிக்காமல் முழங்கையைப் பிடிப்பாய். "எழும்புளா" என்பாய். எழுந்துவிடுவேன். பார்ப்பவர்களுக்கு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே எழுந்து நிற்பதுபோலத் தெரியும். அவ்வளவு இயல்பாகச் செய்வாய்.

அதனால் நீ இல்லாத இடத்துக்கு நான் போனதே இல்லை. ஸ்டியரிங் முடிந்தது, இனிமேல் யார் துணையும் இல்லாமல் எழுந்திருக்க ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். பேப்பரில் ஏதோ வரையவும் ஆரம்பித்திருந்தாய்.

தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்போது கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்த ஜெனிதான் எனக்குப் போன் செய்தாள். அவள் பேசியது எனக்கு விளங்கவே இல்லை. தெலுங்கா இங்கிலீஷா என்றுகூடத் தெரியவில்லை.

உன் கணவர் மஸ்கட்டிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் அப்போது வேறு மாநிலத்தில் ஒரு மின்நிலைய வேலையில் இருந்தார். யாரையாவது ஆட்டோ கூப்பிடச் சொல்லியிருக்கலாம். எனக்கு என்னவோ நீ திருத்திக் கொடுத்த வண்டியில்தான் உன்னிடம் வர வேண்டும் என்று தோன்றிவிட்டது. பட்டப்பகலில், முகத்தை மூடாமல், உன் வீட்டுக்கு வந்தேன். நீ இருந்திருந்தால் உன் தெரு முனையில் வண்டி திரும்பியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாய். வண்டி ஒரு மயிரிழைகூட இழுக்கவில்லை.

உன் வீட்டு கேட்டுக்குள் வந்து நின்ற பிறகுதான் யோசித்தேன், எப்படி எழுந்திருப்பது என்று.

எத்தனை பேர் இருந்தார்கள். தொழிற்சாலை ஆட்கள், சர்ச்சுக்காரர்கள், நாகர்கோவிலிலிருந்து விமானம் பிடித்து வந்த உன் சொந்தக்காரர்கள். யாரையாவது கைகொடுக்கச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. சாவு வீட்டில், உன்னைப் பார்க்க வந்த இடத்தில், என்னைத் தூக்கிவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? தரையோடு தரையாக, காலை நீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்குச் செருப்புகளும் கால்களும் புடவைக் கரைகளும்தான் தெரிந்தன. வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் வேண்டுமென்றே அங்கே இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

உன் பெரியம்மாவோ யாரோ, வயதான ஒருத்தர், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார். என் காதில் விழக் கூடாது என்று சொன்னதுதான், விழுந்துவிட்டது. "நல்லாயிருந்த பிள்ள போயிட்டா. கெடையில கெடக்கவ இருக்கா, பாரு."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. முந்தின நாளிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டில் ஒருத்தி போக வேண்டுமென்றால் யார் போயிருக்க வேண்டும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். உயிரோடு இருப்பதற்காக எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கழுத்துவரை சூடேறுகிறது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. ஜெனி வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம். என்னைப் பார்த்ததும் நேராக என் வலது பக்கம் வந்தாள். தன் பாதத்தைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்தாள். முழங்கையைப் பிடித்தாள். உன் பிடிதான். எப்படித் தெரியும் என்று நான் முகத்தைப் பார்த்தேன். தெலுங்கிலும் இங்கிலீஷிலுமாகச் சொன்னாள்: அம்மா வீட்டில் என்னைத் தரையில் உட்காரவைத்து, ஒரு காலை மடக்கச் சொல்லி, தூக்கித் தூக்கிப் பார்ப்பார், வலிக்காமல் எங்கே பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் விடவில்லை, ஆன்ட்டி.

அதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உன்னைப் பார்த்தேன். உனக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார்கள். அதில் கறையே இல்லை.

அதன்பிறகு வண்டியை வராந்தாவில் நிறுத்தி ஒரு பழைய போர்வையால் மூடிவிட்டேன். நீ பூங்கா வாசலில் இல்லாதபோது எங்கே போவது? வேலை முடிந்து ஊர் திரும்பிய என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். எழுந்திருக்க நானும் கூட வருகிறேன் என்றார். அவரையும் பூங்கா வாசலில் காக்கவைக்க எனக்கு மனமில்லை. மழைக்காலம் போயிற்று. ஜன்னல் திரை மறுபடி மூடியே இருந்தது.

ஜெனிக்குப் புனேயில் வேலை கிடைத்தது. உன் கணவர் மஸ்கட்டுக்குத் திரும்பியிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாமான்களை அனுப்பிவிட்டு, அவள் தனியாகக் கிளம்ப இருந்தாள். முந்தின நாள் வந்து என்னுடன் உட்கார்ந்தாள். லிங்கம்பள்ளியில் ரயில் ஏறுகிறேன், வழியனுப்ப யாருமில்லை, நீங்கள் வர முடியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கஷ்டமென்றால் வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டாள். நான் ஆகட்டும் பார்க்கலாம் என்றேன். அவள் போன பிறகு போர்வையை எடுத்தேன்.

மறுநாள் பெரிய சாலையில் முதல் தடவையாகப் போனேன். லாரிகளின் சக்கரங்கள் என் தலை உயரத்துக்கு உருண்டன. பைக்கில் போனவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். சிக்னலில் ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்த பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைத்தான் சொன்னாள், உதட்டசைவிலேயே தெரிந்தது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்திருந்தேன். ஒரு பள்ளத்தில் வலது சக்கரம் மட்டும் இறங்கி ஏறியது. ஹேண்டில் இழுக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தினேன். ஆட்டோக்காரர்கள் சிலர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். எங்கே வாங்கியது, மோட்டார் உண்டா என்று கேட்டார்கள். ரயிலுக்கு நேரம் நெருங்கியிருந்தது. உன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது போலவே இங்கேயும் உட்கார்ந்திருந்தேன். காது மடல் எரிந்தது. பக்கத்தில் நின்ற ஓர் ஆட்டோக்காரரிடம், நரைத்த தாடிக்காரர், "பாய், ஸரா ஹாத் தேவோ" என்றேன், கொஞ்சம் கை கொடுங்கள் என்று.

அவர் உடனே குனிந்து மணிக்கட்டைப் பிடித்தார். அங்கே இல்லை என்றேன். முழங்கையைப் பிடிக்கச் சொன்னேன். பாதத்தைச் சக்கரத்தில் வைக்கச் சொன்னேன். வலது பக்கம் வாருங்கள், இழுக்காதீர்கள், தாங்கினால் போதும் என்று, அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் சொன்னபடி செய்தார். எழுந்து நின்றேன். அவர் என் கைத்தடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்றார்.

பிளாட்பாரத்தில் ஜெனி பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். என்னைப் பார்த்து ஓடிவந்தாள். அங்கிள் வந்தாரா என்று என் முதுகுக்குப் பின்னால் தேடினாள். இல்லை, நான்தான் வந்தேன் என்றேன். "எலா லேச்சாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். எப்படி எழுந்தீர்கள் என்று.

"கேட்டேன். கை குடுத்தாங்க" என்றேன்.

அவள் என் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அவ்வளவாக உணர்ச்சி கிடையாது. ஈரம் மட்டும் தெரிந்தது.

ரயில் போய்விட்டது. இப்போதும் வாரத்தில் சில நாட்கள் வெளியே போகிறேன், மார்க்கெட்டுக்கு, நூலகத்துக்கு. முகத்தை மூடுவதில்லை. கூச்சம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஒவ்வொரு இடத்திலும் எழுந்திருக்க வேண்டிய நேரம் வரும்போது அது வருகிறது. தெரியாத ஒருவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறப்பதற்குள் கழுத்துவரை ஏறிவிடுகிறது. அது இறங்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. எரிகிற முகத்தோடே கேட்டுவிடுகிறேன். யாராவது கை கொடுக்கிறார்கள். எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.